ஓயாத மீனும் ஒரு போத்தல் குளிசையும்

கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குள் நுழைந்ததுமே ஐஸ் நொறுக்கும் சத்தம் காதை அடைத்தது. விடிய ஐந்தரை மணி. ஒருவர் ஐஸ் பாளத்தைக் கொக்கியால் இழுத்து மெஷினின் வாயில் தள்ள, மறுபக்கத்தால் அது உப்பளத்துக் குவியல்போலக் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பலநாள் படகு மீன் இறக்குகிறது. பக்கத்துப் படகு கடலுக்குப் போக ஐஸ் ஏற்றுகிறது. இரண்டுக்கும் நடுவில், சப்பாத்து நனையக் கூடாதென்று காலைத் தூக்கித் தூக்கி வைத்தபடி என் மருமகன் நின்றான்.

அக்காவின் மகன். உயர்தரம் படிக்கிறான், 800 மீற்றர் ஓடுகிறான். அவனுடைய நேரம் இரண்டு நிமிடம் ஒரு வினாடி. அதற்குக் கீழே இறங்க மாட்டேனென்கிறது. "கடைசி நூறு மீற்றரில கால் கல்லாப் போகுது மாமா" என்பதுதான் எப்போதும் முறைப்பாடு. அதற்கு மருந்தாக, லண்டனில் இருக்கும் பெரியம்மாவிடம் சொல்லி மீன் எண்ணெய்க் குளிசை எடுப்பித்திருக்கிறான். அது போதாதென்று ஜப்பானில் விற்கும் வேறொரு குளிசையின் படத்தைப் போனில் காட்டினான். சூரை மீனிலிருந்து எடுத்த அன்சரினாம், களைப்பைப் போக்குமாம். விலையைக் கேட்ட அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

திருகோணமலையில் பிறந்த பிள்ளை, ஆனால் மீன் தின்ன மாட்டான். மணக்குதாம். கோழிப் பொரியலும் கொத்து ரொட்டியும் இருந்தால் போதும். சூரையைக் குளிசையாக விழுங்கத் துணிந்தவன் அந்தச் சூரையை ஒருதரமாவது கண்ணால் பார்க்கட்டும் என்றுதான், ஆனி மாதத்துக் கச்சான் வெயில் ஏறுமுன், மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கண்டி வீதியால் சீனன்குடாப் பக்கம் கூட்டிவந்தேன்.

படகின் ஐஸ் அறைக்குள் இறங்கி நின்ற பையன் மீனை வாலில் பிடித்து மேலே எறிய, மேலே நின்றவர் பிடித்துக் கூடையில் போட்டார். தென்பகுதியிலிருந்து வந்த படகு. அவர்கள் வாயில் "பலயா", எங்கள் வாயில் சூரை. உருண்டு திரண்ட உடம்பு, முதுகு கருநீலம், வயிற்றில் நீளவாட்டில் நாலைந்து கறுப்புக் கோடு. உடம்பின் பெரும்பகுதியில் செதிளே இல்லை. கையால் தடவினால் ரப்பர் குழாயைத் தடவுவதுபோல வழுக்கும்.

இந்த மீனுக்கு ஓய்வென்பதே கிடையாது. பெரும்பாலான மீன்கள் நின்ற இடத்திலேயே செவுளை அசைத்து மூச்சுவிடும். சூரை வாயைத் திறந்தபடி முன்னோக்கி நீந்தினால்தான் செவுளுக்குத் தண்ணீர் போகும். நீச்சல் நின்றால் மூச்சும் நின்றது. மிதக்க உதவும் காற்றுப்பையும் இதற்கு இல்லை, ஆகவே நின்றால் தாழ்ந்தும் போகும். பிறந்த நாள் தொடக்கம் பிடிபடும் நாள்வரை இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கிற உயிர். களைப்புக்கு மருந்து தேடியவர்களின் கண் இதன்மேல் விழுந்ததில் ஆச்சரியம் இல்லை.

மீன் வெட்டுகிறவரிடம் ஒரு சூரையைக் கொடுத்து, குறுக்கே துண்டு போடச் சொன்னேன். "சேர், கறுப்பை எடுக்கிறதா, விடுறதா?" என்று கேட்டார். முள்ளின் இரு பக்கமும் ஈரல்போலக் கறுத்துக் கிடக்கும் சதையைத்தான் கேட்டார். பலரும் அதைக் கழித்துவிடச் சொல்வார்களாம், கசக்குதென்று. நான் விடச் சொன்னேன். மருமகனைக் கிட்டக் கூப்பிட்டு அந்தத் துண்டைக் காட்டினேன். ஒரே மீனுக்குள் இரண்டு வகைச் சதை. கறுத்தது நாள் முழுக்க நிதானமாக நீந்துவதற்கு. இரத்தமும் இரும்புச்சத்தும் நிறைந்தது, டோரின் என்கிற பொருளும் அதில்தான் கூட. வெளிறிச் சிவந்த மற்றச் சதை இரையைத் துரத்தும்போது சீறிப் பாய்வதற்கு. அவன் தேடும் அன்சரின் பெரும்பாலும் இந்த இரண்டாவதில் இருக்கிறது. "ஓ, அப்ப இது நூறு மீற்றர், அது மரதன்" என்றான். பிள்ளை மோடன் இல்லை.

சீறிப் பாயும்போது தசையில் அமிலம் ஏறும். கால் கல்லாவதில் அதற்கும் பங்குண்டு. அன்சரினின் வேலை அந்த அமிலத்தை வாங்கி வைத்துக்கொள்வது, கொஞ்ச நேரத்துக்காவது. இதன் அண்ணன்முறையான கார்னோசினை 1900இல் ரஷ்ய விஞ்ஞானி குலேவிச் இறைச்சிச் சாரத்திலிருந்து பிரித்தெடுத்தார். அன்சரின் 1929இல் வாத்தின் தசையில் அகப்பட்டது. அன்சர் என்றால் இலத்தீனில் வாத்து. மூன்றாவது உடன்பிறப்பு பலெனின், திமிங்கிலத்தின் தசையில் இருப்பது. இதை அவனிடம் சொன்னபோது எனக்கே ஒரு சிரிப்பு வந்தது. எங்கள் துறைமுகத்தின் வாயிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கீழிறங்குகிறது, கரைக்குக் கிட்டவே ஆழம் என்பதால் திமிங்கிலங்கள் வந்து போகின்றன, அதைப் பார்க்கப் படகேறி வெளிநாட்டார் வருகிறார்கள். களையாமல் நீந்துகிற கூட்டம் முழுக்க எங்கள் வாசலில்தான் நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டி வந்தது. கோழியின் நெஞ்சுச் சதையிலும் அன்சரின் நிறைய உண்டு. "அப்ப நான் இவ்வளவு நாளும் அதைத்தான் சாப்பிட்டனானா?" என்று அவன் கேட்டதில் வெற்றியும் ஏமாற்றமும் கலந்திருந்தன.

துறைமுகத் தேநீர்க் கடையில் பிளேன்ரீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அவனுடைய போனிலேயே கணக்குப் போட்டோம். அமிலத்தைத் தாங்கும் விடயத்தில் விளையாட்டு வீரர்களிடம் நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது பீற்றா அலனின். அதுதான் உடம்புக்குள் போய்க் கார்னோசினாக மாறுகிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2018இல் வெளியிட்ட அறிக்கையில் திறனை நேரடியாகக் கூட்டுவதற்கு நல்ல சான்று உள்ளவை என்று ஐந்தே ஐந்தைச் சொல்கிறது: காஃபீன், கிரியாட்டின், நைட்ரேட், பீற்றா அலனின், எங்கள் அப்பச்சோடாவான சோடியம் பைகார்பனேட். மீன் எண்ணெய் அந்த ஐந்தில் இல்லை. அன்சரினும் இல்லை. பீற்றா அலனினுக்கு அவர்கள் சொல்லும் அளவு உடம்பு எடையில் கிலோவுக்கு 65 மில்லிகிராம், அதுவும் வாரக்கணக்காக நாள்தோறும். மருமகன் 60 கிலோ. நாளுக்கு 3.9 கிராம் வேண்டும்.

சூரைச் சதை 100 கிராமில் அன்சரின் அரைக் கிராமிலிருந்து ஒரு கிராம் வரை இருக்கும். ஒரு கிராம் என்றே வைத்துக்கொள்வோம். அது உடம்பில் உடைந்தால் கிடைக்கும் பீற்றா அலனின் 0.37 கிராம். 3.9 கிராம் வேண்டுமென்றால் தினமும் ஒரு கிலோவுக்கு மேல் தனிச் சதையாகச் சூரை தின்ன வேண்டும். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்! சரி, குளிசை? ஜப்பானில் களைப்புக்கென்று விற்கும் இந்த வகைச் சாரங்களில் நாள் அளவு 200 முதல் 400 மில்லிகிராம். ஒரு துண்டு மீனில் இருப்பதைவிடக் குறைவு. அங்கே செய்த சில ஆய்வுகளில் அன்றாடக் களைப்பு கொஞ்சம் குறைந்ததாகச் சொல்கிறார்கள். அலுவலகத்தில் சோர்ந்து உட்காருகிறவரின் களைப்பு வேறு, 800 மீற்றரின் கடைசி நூறு வேறு. பீற்றா அலனின் தூளோ மீனிலிருந்து வருவதே இல்லை, ஆலையில் செய்வது. கிரியாட்டினும் அப்படித்தான். ஒரு கிலோ பச்சை மீனில் நாலைந்து கிராம் கிரியாட்டின் இருக்கிறது, ஆனால் போத்தலில் வருவது செயற்கையாகச் செய்தது.

பக்கத்து வாங்கில் இருந்த வயதான தொழிலாளி ஒருவர் எங்கள் கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்தார். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "தம்பி, இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறனீர்?" என்று மட்டும் கேட்டார். மருமகன் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

வெயில் ஏறத் தொடங்கியது. லொறிப் பக்கமாக நாலைந்து கூடைச் சூரை ஐஸ் இல்லாமல் சீமெந்துத் தரையில் கிடந்தது. இந்த மீனைப் பற்றி நான் உண்மையில் பயப்படுகிற விடயம் இங்கேதான் இருக்கிறது. சூரையின் தசையில் ஹிஸ்டிடின் என்கிற பொருள் ஏராளம். அன்சரினும் அதன் வழிவந்ததுதான். மீன் செத்தபின் சூட்டில் கிடந்தால், பக்டீரியா அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். நாலு பாகைக்கு மேல் போனாலே வேலை தொடங்கும், எங்கள் வெயிலில் சில மணித்தியாலம் போதும். மணம் மாறாது, நிறமும் பெரிதாக மாறாது. பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. பொரித்தாலும் அப்படியே, ரின்னில் அடைத்தாலும் அப்படியே.

எனக்கு ஒருதரம் பட்டிருக்கிறது. வீதியோரத்தில் மத்தியானம் வாங்கிய சூரை. சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் முகமும் கழுத்தும் தீப்பிடித்ததுபோலச் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடவென்று அடித்தது. ஊசி போட்டு அனுப்பினார்கள், இனிமேல் மீனே ஒத்துக்கொள்ளாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். அடுத்த மாதம் நல்ல சூரை தின்றேன், ஒன்றும் ஆகவில்லை. குற்றம் என் உடம்பிலும் இல்லை, மீன் இனத்திலும் இல்லை. என் அம்மம்மா சூரையைக் கிரந்தி மீன் என்பார், புண் உள்ளவர்களுக்குக் கொடுக்க மாட்டார். ஐஸ் இல்லாத காலத்தில் கரைக்கு வந்து சேர்ந்த சூரையைத் தின்று உடம்பு தடித்தவர்கள் கண்டுபிடித்த பெயர்தான் அது என்பது என் ஊகம். ஐரோப்பாவுக்குப் போகும் மீனென்றால் ஒன்பது மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள், சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நாங்கள் தின்னும் கூடைக்கு எங்கள் கையும் கண்ணும்தான். நான் ஐஸுக்குள் கிடந்த மீனையே எடுத்தேன், கொண்டுபோன பெட்டியில் இரண்டு ரூபாய்க் கணக்குப் பாராமல் நொறுக்கிய ஐஸ் போட்டேன்.

திரும்பும் வழியில் திருக்கடலூர்க் கரையில் நிறுத்தினேன். கரைவலை இழுபட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கயிற்றில் வரிசையாக ஆட்கள், சிலருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். குதிக்காலை மணலில் ஊன்றி, இடுப்பைப் பின்னால் கொடுத்து, ஒரே தாளத்தில் ஒன்றரை மணித்தியாலமாக இழுக்கிறார்கள். மடி கரையேறியபோது உள்ளே வெள்ளி துள்ளியது: சூடை, கீரி, கொஞ்சம் நெத்தலி. சம்மாட்டியின் ஆள் விலை பேசும்போதே இழுத்தவர்களின் பங்கு ஆளுக்கொரு பையில் போய்விட்டது.

மீன் எண்ணெய் என்று லண்டனிலிருந்து வந்த போத்தலின் சரக்கு இந்தச் சாதி மீனில்தான். சூரை எண்ணெய் குறைந்த மீன், சூடையும் கீரியும் எண்ணெய் மீன். மருமகனிடம் போத்தல் பையிலேயே இருந்தது. பின்பக்கத்துச் சின்ன எழுத்தை வெயிலில் பிடித்து வாசித்தோம். முன்னால் பெரிதாக 1000 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது, அது மொத்த எண்ணெய். வேண்டிய ஒமேகா-3 அதில் இரண்டு வகையாக 180ம் 120ம் சேர்த்து 300 மில்லிகிராம்தான். ரின்னில் அடைத்த சாளை 100 கிராமில் கிட்டத்தட்ட ஒரு கிராம் இருக்கும், இப்படி மூன்று குளிசைக்குச் சமம். கடும் பயிற்சிக்கு அடுத்தநாள் வரும் தசை நோவை மீன் எண்ணெய் சற்றுக் குறைப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, வேறு சில ஒன்றும் காணவில்லை. நேரத்தைக் குறைக்கும் என்று நம்பி விழுங்க அதில் ஒன்றும் இல்லை.

ஒரு குளிசையை நகத்தால் கீறி மோந்து பார்த்தேன். சிக்கு வாடை. மீன் எண்ணெய் சூட்டையும் வெளிச்சத்தையும் தாங்காது. லண்டனில் அலுமாரியில் இருந்தது, பெட்டிக்குள் பறந்து வந்தது, இங்கே விளையாட்டுப் பையில் மைதானத்து வெயிலில் கிடந்தது. இன்னொன்று, உறை ஜெலற்றின். மாட்டிலிருந்தா பன்றியிலிருந்தா மீனிலிருந்தா என்று அந்தப் போத்தலில் இல்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் குடும்பங்கள் இதைக் கேட்டுத்தான் வாங்குவார்கள், எங்கள் வீட்டிலும் கேட்பதில் பிழையில்லை. ஈரல் எண்ணெய் என்று போட்டிருந்தால் வேறு கவனம் வேண்டும். அதில் விற்றமின் ஏ உண்டு, கூடினால் உடம்பில் தேங்கும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. இரண்டாம் உலகப் போரில் நோர்வேயிலிருந்து கொட் ஈரல் எண்ணெய் வராமல் போனபோது சென்னை மாகாண அரசு கோழிக்கோட்டில் சுறா ஈரலில் எண்ணெய் எடுத்ததும் இந்த விற்றமின் ஏக்காகத்தான்.

பட்டினத்துக் கடையொன்றில் மாசி வாங்கப் போனோம். விறகுத் துண்டுபோலக் கறுத்துக் காய்ந்த சூரை. கடைக்காரர் இரண்டைத் தட்டிக் காட்டினார், மரச் சத்தம் கேட்டது. 14ஆம் நூற்றாண்டில் மாலைதீவில் தங்கியிருந்த இப்னு பதூதா இந்த மீனைப் பற்றி எழுதியிருக்கிறார். அவித்து, ஓலைக் கூடையில் புகைக்கு மேல் கட்டி, காயவைத்து, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் அனுப்பினார்களாம். கெடாது, பாரமில்லை, ஒரு பிடி இடித்துச் சம்பலில் போட்டால் புரதம். மாலைதீவார் அந்த மீன் அவித்த தண்ணீரையும் ஊற்றுவதில்லை. அதை வற்ற வற்றக் காய்ச்சிக் களிபோல ஆக்கி ரிஹாகுரு என்று சோற்றில் குழைத்துத் தின்கிறார்கள். அன்சரின் தண்ணீரில் கரைவது, அவித்தாலும் அவ்வளவாக அழியாதது. தொழிற்சாலையில் சாரம் எடுப்பதும் வெந்நீரில் இறக்கி வற்றவைத்துத்தான். மருமகனின் போனில் இருந்த விலையுயர்ந்த தூளுக்கும் அந்தக் களிக்கும் உறவு மிக நெருக்கம். சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஆட்கள் பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்குக் கோழிச் சாரம் வாங்கிக் கொடுப்பார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

பக்கத்துப் பாமசியில் மீன் தோலிலிருந்து எடுத்த கொலாஜன் பைக்கற் தொங்கியது. மூட்டுக்கும் தசைநாணுக்கும் என்று எழுதியிருக்கிறது. விற்றமின் சியோடு ஜெலற்றின் கொடுத்துச் செய்த ஒரு ஆய்வு 2017இல் வந்து பேர் வாங்கியது, பங்குபற்றியவர்கள் எட்டுப் பேர். காலையில் கொட்பேயில் மீன் வெட்டும் இடத்தில் தோலும் செதிளும் தலையுமாகத் தொட்டியில் கொட்டியதைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அந்த விலை உறுத்தியது. வேறொன்றும் சொல்வதற்கில்லை.

பாமசியில் மருமகனுக்கு நான் சொன்னது போத்தலை விடப் பெரிய ஆபத்தைப் பற்றி. இலங்கையில் ஊக்கமருந்துக்கு எதிராக 2013இன் 33ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதன்கீழ் ஒரு முகவராண்மையும் இருக்கிறது. உடம்பில் அகப்பட்டால், எப்படி வந்தது என்பது இரண்டாவது கேள்வி. 2011இல் கிரிக்கெட் வீரர் உபுல் தரங்கவுக்கு மூன்று மாதத் தடை விழுந்தது. தோள் நோவுக்கு எடுத்த மூலிகை மருந்தில் இருந்த பொருள் அது, திறனைக் கூட்டும் எண்ணம் அவருக்கு இல்லை என்று தீர்ப்பாயமே ஏற்றுக்கொண்டது, ஆனாலும் தடை தடைதான். லேபலில் இல்லாத சரக்குக் கலந்த குளிசைகள் உலகமெங்கும் அகப்படுகின்றன. மீன் அறுக்கும்போது அந்தப் பயம் இல்லை.

மத்தியானம் அக்கா சூரையில் ஒரு பங்கைக் குழம்பாக்கி, மற்றதைச் சொதி வைத்தார். தேங்காய்ப்பால், பச்சை மிளகாய், பெருஞ்சீரகம், கடைசியில் தேசிக்காய். மருமகன் மீன் துண்டைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டுச் சொதியை மட்டும் மூன்று கிண்ணம் குடித்தான். கரைவது எதுவோ அது சொதியில்தானே இருக்கிறது என்று என்னிடமே சட்டம் பேசினான். ஒதுக்கிய துண்டைப் பூனை எடுத்துக்கொண்டது.

பின்னேரம் மெக்கெய்சர் மைதானத்தில் பந்து விளையாடியவர்களில் இரண்டு பேரைக் காலையில் கரைவலைக் கயிற்றில் பார்த்திருந்தேன். அடுத்த ஞாயிறு மருமகன் அங்கே மீண்டும் நேரம் பார்த்தான். இரண்டு நிமிடம் ஒரு வினாடி. ஜப்பான் குளிசைக்குக் காசு அனுப்புவதில்லை என்று அக்கா முடிவெடுத்துவிட்டார், அது சரியான முடிவு.

திருகோணமலையில் சூரை வாங்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: வீட்டிலிருந்தே ஒரு பெட்டியைக் கொண்டுபோங்கள், மீனுக்கு முன் ஐஸை வாங்குங்கள், வெறுந்தரையில் வெயிலில் கிடப்பதை என்ன விலைக்குத் தந்தாலும் தொடாதீர்கள்.